பத்திரத்தில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி?

வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் குன்னூர். கணவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பத்தோடு லண்டன் பக்கத்தில் இருக்கிறான். அங்கே ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான், லீஸ்ஹோல்டாம், 76 வருஷம் பாக்கி இருக்கிறதாம். அவ்வளவு காசு கொடுத்தும் வீடு நம்முடையது இல்லையா? 76 வருஷம் பேரன் காலத்துக்கே போதும் என்கிறார் கணவர். நாங்களும் கொஞ்சம் பணம் அனுப்பப் போகிறோம், அதனால்தான் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் உங்கள் கணவர் போடுகிற கணக்கு அந்த ஊரில் எடுபடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்டுதான், அதில் மோசடி எதுவும் இல்லை. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் என்கிற ஒருவர் பெயரில் இருக்கும், உங்கள் மகன் வாங்குவது அந்த ஃபிளாட்டை இத்தனை வருஷம் வைத்துக்கொள்ளும் உரிமையை. அந்த உரிமையை விற்கலாம், உயில் எழுதலாம், அடமானம் வைத்துக் கடனும் வாங்கலாம். ஆனால் வருஷம் குறையக் குறைய அதன் விலையும் இறங்கும்.

சிக்கல் 80 என்ற எண்ணில் இருக்கிறது. 1993-ஆம் வருஷச் சட்டப்படி ஃபிளாட்காரர் உரிய தொகை கொடுத்து லீஸை இன்னும் 90 வருஷம் நீட்டிக்கொள்ளலாம், ஃப்ரீஹோல்டருக்கு வருஷா வருஷம் கட்டுகிற தரை வாடகையும் அதோடு போய்விடும். பாக்கி 80 வருஷத்துக்குக் கீழே போய்விட்டால் மட்டும் அந்தத் தொகையோடு இன்னொன்று சேரும். லீஸ் நீண்டதால் ஃபிளாட்டின் மதிப்பு எவ்வளவு ஏறுகிறதோ அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்குப் போகும், இதற்கு அங்கே ‘மேரேஜ் வேல்யூ’ என்று பெயர். 2024-ல் ஒரு புதுச் சட்டம் போட்டு இதை எடுத்துவிட்டார்கள், 90-ஐ 990 ஆக்கியும் எழுதினார்கள், ஆனால் நான் இதை எழுதும் வரை அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நம்பி இன்றைக்கு விலை பேசக் கூடாது. அந்தச் சட்டத்தில் வந்துவிட்ட ஒரு நல்ல விஷயம், வாங்கி 2 வருஷம் ஆன பிறகுதான் நீட்டிப்புக் கேட்கலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

அதனால் மகனிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். லீஸ் நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் முதலில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் விற்பவரையே நீட்டிப்பு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அந்த உரிமையைத் தன் பேருக்கு மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். 76-லேயே வாங்கி, பத்து வருஷம் இருந்துவிட்டு விற்கப் போனால் பாக்கி 66தான், வாங்க வருபவருக்குக் கடன் கொடுக்க அங்கே பல வங்கிகள் தயங்கும்.

அப்புறம் தரை வாடகை. 2022 ஜூன் 30-க்குப் பிறகு போடுகிற புது லீஸ்களில் பெரும்பாலும் அது கிடையாது, பழையதில் உண்டு. இன்றைய தொகையைப் பார்த்தால் போதாது, அது எப்படி ஏறும் என்ற வரியைப் படிக்க வேண்டும். வருஷத்துக்கு 250 பவுண்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று எழுதியிருந்தால் ஐம்பது வருஷம் முடிந்ததும் வருஷத்துக்கு 8,000 பவுண்டு. ஒரே ஒரு வரிதான், இருபதாவது பக்கத்தில் எங்கோ கிடக்கும்.

பராமரிப்புக் கட்டணக் கணக்கை மூன்று வருஷத்துக்குக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூரை மாற்றுவது, லிஃப்ட் போடுவது மாதிரி வேலைகளில் ஒரு ஃபிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், ஃப்ரீஹோல்டர் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1985-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்து கிடக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கட்டும். கேட்காமல் வாங்கிவிட்டால் அவர் வீட்டுக் கூரைக்கு உங்கள் மகன் பணம் கட்டுவார்.

நீங்கள் அனுப்பும் பணத்துக்கும் ஆதாரம் வேண்டும். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அந்தப் பக்கத்து சொலிசிட்டர், அதாவது பத்திர வேலை பார்க்கும் வக்கீல், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார், பாஸ்புக், இடம் விற்ற பத்திரம், அன்பளிப்பாகக் கொடுக்கிறோம் என்ற கடிதம் எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஊட்டியில் பழைய பங்களா இருந்த இடத்தில் கட்டிய ஃபிளாட் எங்களுடையது. நிலம் குத்தகை நிலம். 2004-ல் 99 வருஷத்துக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள். இப்போது விற்கலாம் என்றால், வாங்க வந்தவருக்கு வங்கி கடன் தர மறுக்கிறது. எங்கே தவறு?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: ஐயா, உங்கள் பத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு அதற்கு முந்தைய பத்திரத்தைத் தேடுங்கள். போன மழைக்காலத்தில் இதே மாதிரி ஒரு பத்திரக் கட்டை ஒருவர் என் மேஜைக்குக் கொண்டுவந்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன மூலக் குத்தகைப் பத்திரம், தேதி 1948, காலம் 99 வருஷம். அதாவது 2047-ல் முடிகிறது. அந்தக் குத்தகைதாரரிடமிருந்து பில்டர் எடுத்து, பில்டரிடமிருந்து இவர் வாங்கிய உள்குத்தகையிலும் 99 என்றுதான் போட்டிருந்தது. மனிதர் 2100-ஐத் தாண்டியும் தன் குடும்பம் அங்கே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். தன்னிடம் இல்லாத வருஷத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது, மூலக் குத்தகை முடிகிற நாளில் உள்குத்தகையும் முடிகிறது. அதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. உங்களுடையதும் இதே கதையாக இருக்கலாம், வங்கி வக்கீல் அதைத்தான் பார்த்திருப்பார்.

மூலக் குத்தகையில் நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி எதுவும் எழுதாவிட்டால் 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(j), குத்தகை உரிமையை விற்க உங்களை அனுமதிக்கிறது. ஆனால் அதே பிரிவு, விற்றுவிட்டதாலேயே உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது என்றும் சொல்கிறது. வாங்கியவர் வாடகை கட்டாவிட்டால் உரிமையாளர் உங்கள் கதவைத் தட்டலாம். அதனால் நில உரிமையாளரையும் பத்திரத்தில் சேர்த்து, உங்களை விடுவித்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். நேராக அவரிடமே போய்க் குத்தகையை நீட்டித்து, அதைப் பதிவும் செய்துவிட்டு விற்பது எல்லாவற்றிலும் நல்லது. காசு ஆகும், ஆனால் வங்கி திரும்பிப் பார்க்கும்.

நிலம் கோயில் நிலமா என்றும் பாருங்கள். 1959-ஆம் வருஷ அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் 5 வருஷத்துக்கு மேல் போட்ட குத்தகை செல்லாது. கட்டட அனுமதி நகலையும் கையில் வையுங்கள். மலையில் இதை விட முடியாது, கொடைக்கானல் ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் அனுமதியை மீறிய மாடிகள் நிற்க முடியாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவானது. வாங்குபவரிடம் இதையெல்லாம் மறைத்து விற்காதீர்கள் ஐயா, அவரும் வாழ்நாள் சேமிப்போடுதான் வருகிறார்.

கேள்வி: கொடைக்கானலில் 8 லட்சத்துக்கு 3 வருஷ ‘லீஸ்’ என்று ஒரு ஃபிளாட் சொல்கிறார்கள். வீடு நம் பேருக்கு வருமா?
— ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: வராது தம்பி. நம் ஊரில் லீஸ் என்று பேசுவது பெரும்பாலும் போக்கியம், மேலே இரண்டு பேர் கேட்டதற்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. 3 வருஷம் வாடகை இல்லாமல் இருப்பீர்கள், முடிந்ததும் 8 லட்சம் திரும்ப வர வேண்டும். அந்தப் பணம் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெறும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கச் சான்று போட்டு, வீட்டுக்காரர் அதே ஃபிளாட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைத்திருந்தால் முதல் உரிமை வங்கிக்கு. அந்தக் கடனை அடைத்த ரசீதை அவர் காட்டும் வரை ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.