இத்தாலியில் சின்னக் கடைகளில் பொருள் வாங்க எந்த வாக்கியங்கள் தெரிந்தால் போதும்?

உள்ளே நுழைந்ததும் 'புவொன்ஜோர்னோ' (வணக்கம்), மாலையில் 'புவொனசேரா'. வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

அப்புறம் 'வொர்ரேய்'. 'எனக்கு வேண்டும்' என்பதைப் பணிவாகக் கேட்கும் விதம் இது. சீஸ், இறைச்சிக் கடைகளில் 'எத்தோ' கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 100 கிராம் என்று பொருள். 'வொர்ரேய் தூயே எத்தி தி பெக்கொரீனோ' என்றால் 200 கிராம் பெக்கொரீனோ சீஸ் நிறுத்துத் தருவார்கள். கையோடு 'அல்த்ரோ?' என்பார்கள், வேறென்ன வேண்டும் என்று. போதுமென்றால் 'பஸ்தா கொஸீ, கிராத்ஸியே'.

ஒரு பொருளின் விலைக்கு 'குவான்தோ கொஸ்தா?'. கார்டில் கட்டலாமா என்பதற்கு 'போஸ்ஸோ பகாரே கொன் லா கார்த்தா?'.

சந்தையில் பழங்களை நீங்களே பொறுக்காதீர்கள், கடைக்காரருக்குப் பிடிக்காது. 'ஊன் கீலோ தி மேலே, பெர் ஃபவோரே' (ஒரு கிலோ ஆப்பிள், தயவுசெய்து) என்றால் அவரே நல்லதாக எடுத்துத் தருவார்.