காசுக்குப் பதில் சரக்கு: சிறு தொழில் செய்பவர்களின் கேள்விகள்

சென்னையில் சிறு தொழில் செய்யும் வாசகர்கள் பலர், வேலை செய்து கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பதில் பொருள் வாங்குவது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ராயப்பேட்டையில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். தி.நகர் புடவைக் கடை ஒன்று தீபாவளி கேட்லாக்குக்குப் படம் எடுக்கச் சொல்கிறது. என் கட்டணம் 40,000 ரூபாய். "அதே தொகைக்குப் புடவையாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா? பில் எப்படிப் போடுவது?

சம்மதிக்கலாம். ஆனால் அந்த 40,000 எந்த விலைக் கணக்கில் என்பதை முதலில் பேசி முடியுங்கள். டேக்கில் 4,000 ரூபாய் என்று இருக்கும் புடவையை ஆடித் தள்ளுபடியில் 2,800 ரூபாய்க்குக் கடையே விற்றிருக்கும். டேக் விலையில் பத்துப் புடவை வாங்கினால் உங்கள் கைக்கு வருவது 28,000 ரூபாய்ச் சரக்குதான். சென்ற மூன்று மாதத்தில் அதே ரகத்தை வாடிக்கையாளருக்கு எந்தக் குறைந்த விலைக்கு விற்றார்களோ, அந்த விலையைக் கேளுங்கள். அந்த விலையிலும் பெரும்பாலும் அவர்களுக்கு லாபம் இருக்கும், அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். புடவையை நீங்களே ரேக்கிலிருந்து தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் தேர்ந்தெடுத்தால் தேங்கிக் கிடக்கும் சரக்குதான் வரும்.

அடுத்தது பில். இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். இரண்டு தரப்பும் "கழித்துக்கொண்டோம்" என்று பில்லே போடாமல் விடுவார்கள், அல்லது மீதித் தொகைக்கு மட்டும் ஒரு பில் போடுவார்கள். இரண்டுமே தவறு. 2017-ம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டம் 7-ம் பிரிவில் விற்பனையோடு பண்டமாற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே நீங்கள் கடைக்கு முழுத் தொகைக்கு ஒரு பில் போட வேண்டும், கடை உங்களுக்கு முழுத் தொகைக்கு ஒரு பில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கழித்துக்கொள்வது.

உங்கள் பில்: 40,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 7,200, மொத்தம் 47,200. கடையின் பில்: புடவை 40,000, அதன் மேல் 5 சதவீதம் 2,000, மொத்தம் 42,000. வித்தியாசம் 5,200 ரூபாய். இதைக் கடை உங்களுக்கு வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ தர வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், கையில் புடவை மட்டும் இருக்க, 7,200 ரூபாய் வரியைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டுவீர்கள். அரசு புடவையை வரியாக வாங்கிக்கொள்ளாது. கடைக்காரர் தயங்கினால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: சாதாரண முறையில் வரி கட்டும் கடையாக இருந்தால், நீங்கள் போட்ட 7,200 ரூபாய் வரியை அவர்கள் இன்புட் கிரெடிட்டாக, அதாவது தாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது இழப்பே இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் கடை என்றால் அந்தக் கிரெடிட் கிடையாது, அவர்கள் உங்களிடம் வரி வசூலிக்கவும் முடியாது. அப்போது பேரம் வேறு மாதிரி போகும், இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புடவையில் வந்த 2,000 ரூபாய் வரியை நீங்கள் இன்புட்டாக எடுக்கலாமா என்பது புடவையை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மறுபடி பில் போட்டு விற்றால் எடுக்கலாம். அப்போது 7,200-ல் 2,000 போக நீங்கள் கட்ட வேண்டியது சரியாக அந்த 5,200. வீட்டுக்கு எடுத்துப் போனாலோ, ஊழியர்களுக்குத் தீபாவளிக்கு இனாமாகக் கொடுத்தாலோ இன்புட் கிடையாது, 2,000 கையிலிருந்து போகும். அந்த இரண்டாயிரத்தையும் சேர்த்துத்தான் இந்த வேலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்கில் ஏற்றும்போது டேலி கணக்கு மென்பொருளில் கான்ட்ரா வவுச்சரில் போடாதீர்கள். அது ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே மாற்றுவதற்கு மட்டும். நீங்கள் போட்ட பில்லை விற்பனையாகவும், அவர்கள் உங்களுக்குப் போட்ட பில்லைக் கொள்முதலாகவும் தனித்தனியாக ஏற்றி, 42,000 ரூபாயை ஜர்னல் வவுச்சரில் நேர் செய்யுங்கள். "இன்ன தேதி, இன்ன எண் பில்லுக்கு எதிராக இன்ன எண் பில் 42,000 ரூபாய்க்கு நேர் செய்யப்பட்டது" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வையுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பணம் கைமாறாத இந்த வியாபாரத்தில், கணக்குத் தீர்ந்ததைக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டு பில்லில் 40,000-க்குப் பதில் 10,000 என்று குறைத்துப் போட்டால் வரி மிச்சம்தானே?

கூடாது. விலை முழுவதும் பணமாக இல்லாதபோது, வெளிச் சந்தையில் அதற்கு என்ன விலையோ அதுதான் வரிக்கான மதிப்பு என்கிறது ஜி.எஸ்.டி. விதி 27. விதியிலேயே உதாரணம் இருக்கிறது: பழைய போனைக் கொடுத்து 20,000 ரூபாய்க்குப் புதிய போன் வாங்கினாலும், பழைய போன் இல்லாமல் வாங்கினால் விலை 24,000 என்றால், மதிப்பு 24,000 தான். அதோடு, நாளை சரக்கு சரியில்லை என்று நீங்கள் கேட்கப் போனால், பில்லில் இருக்கும் பத்தாயிரத்துக்கு மேல் கேட்க வழி இருக்காது.

வேளச்சேரியில் ஏசி மெக்கானிக். ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. பக்கத்து மெஸ்ஸில் எட்டு ஸ்பிளிட் ஏசி. வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டால் எனக்கும் பையன்களுக்கும் மதியச் சாப்பாடு தருவதாகச் சொல்கிறார் முதலாளி.

சாப்பாடு தினமும் உங்களுக்கு ஆகிற செலவு என்பதால் இது நல்ல ஏற்பாடாக அமையலாம். ஆனால் "பார்த்துக்கொள்வது" என்ற சொல்லை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எட்டு ஏசிக்கும் தலா வருடத்துக்கு மூன்று வாட்டர் சர்வீஸ், இன்டோர் அவுட்டோர் இரண்டும் சேர்த்து, என்று எண்ணி எழுதுங்கள். ஒரு சர்வீஸ் 600 ரூபாய் என்று வைத்தால் 24 சர்வீஸுக்கு 14,400 ரூபாய். ஒரு சாப்பாடு வரியோடு 120 என்றால் 120 சாப்பாடு. அவ்வளவுதான் கணக்கு.

கேஸ், கெபாசிட்டர், பி.சி.பி., காப்பர் பைப் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றை நீங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கி வருகிறீர்கள். கையிலிருந்து பணம் போகும் பொருளுக்குப் பணமாக வாங்குங்கள், உங்கள் உழைப்புக்கு மட்டும் சரக்கு வாங்குங்கள். இந்த ஒரு விதியை விட்டவர்கள்தான் பண்டமாற்றில் அதிகம் அடிபடுகிறார்கள். மே மாதத்தில் இரண்டு கம்ப்ரஸர் போய்விட்டால், சாப்பாட்டை வைத்து அதை ஈடுகட்ட முடியாது.

120 சாப்பாட்டுக்கும் எண்ணிட்ட டோக்கன் அடித்து, மெஸ் முத்திரையோடு வாங்குங்கள். முதல் எட்டு சர்வீஸ் முடிந்தால் 40, அடுத்த எட்டுக்கு 40 என்று தவணையாகக் கைமாறட்டும். டோக்கனில் செல்லுபடி தேதியும், "மெஸ் கைமாறினாலோ மூடினாலோ மீதி டோக்கன் ஒன்றுக்கு 120 ரூபாய் பணமாகத் தரப்படும்" என்ற வரியும் இருக்கட்டும். மெஸ் கைமாறுவது இந்த ஊரில் அடிக்கடி நடப்பது. புது முதலாளி பழைய டோக்கனை மதிக்க மாட்டார். அந்த ஒரு வரி இருந்தால், பழைய முதலாளியிடம் ரூபாயாகக் கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கும்.

பதிவு இல்லை என்றீர்கள். சேவைத் தொழிலுக்கு வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்த 20 லட்சத்தில் சாப்பாட்டுக்குச் செய்த வேலையும் சேரும். வங்கியில் 19,50,000 வந்திருக்க, பொருளாக வாங்கியது 60,000 என்றால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக் கணக்கையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்.

திருவல்லிக்கேணியில் அச்சகம். ஃபர்னிச்சர் கடைக்கு பில் புக், கேட்லாக் எல்லாம் 60,000 ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு கவுன்டரும் அலமாரியும் தருவதாகப் பேச்சு. "நல்ல பிளைவுட்" என்றார்கள். வந்திருப்பது பார்ட்டிகிள் போர்டு என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

சந்தேகத்தை இன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவின் ஒரு கீலை ஸ்குரூ கழற்றி வெளியே எடுங்கள். கீல் உட்கார்ந்திருந்த 35 மி.மீ. குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளைவுட்டாக இருந்தால் அடுக்கடுக்காக வரி தெரியும். பார்ட்டிகிள் போர்டில் மரத்தூளும் சீவலும் பசையில் இறுகியது போலத் தெரியும், நகத்தால் சுரண்டினால் உதிரும். ஓரங்களில் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருப்பதால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

பார்ட்டிகிள் போர்டுதான் என்றால் அந்தப் பொருளைப் பயன்படுத்தாதீர்கள். படம் எடுத்து, "பேசியபடி இல்லை, ஏற்கவில்லை" என்று வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் உடனே அனுப்புங்கள். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாத சரக்கை நிராகரிக்கலாம். ஆனால் நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் விற்பனை என்றால் பணத்தில் விலை இருக்க வேண்டும். "அச்சு வேலைக்குக் கவுன்டர்" என்று விலையே எழுதாமல் மாற்றிக்கொண்டிருந்தால், இது விற்பனையே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட இடம் உண்டு. இரண்டு பில்லும் ரூபாயில் இருந்தால் இது இரண்டு தனி வியாபாரம். அவர்கள் சரக்கை நீங்கள் நிராகரித்தாலும் உங்கள் 60,000 ரூபாய் பில் நிலுவையில் நிற்கும். வரிக்காக மட்டுமல்ல, இதற்காகவும்தான் இரண்டு பில் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறோம். உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்து, பில்லும் இருந்தால், மத்திய அரசின் சிறு தொழில் (எம்.எஸ்.எம்.இ.) அமைச்சகத்தின் இணையதளத்தில் தாமதப் பணத்துக்கான புகார் கொடுக்கலாம். வாங்கியவர் பணம் கொடுக்க அதிகபட்சம் 45 நாள்தான் கெடு. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும்.

இனிமேல் "நல்ல பிளைவுட்" என்று எழுத விடாதீர்கள். "ஐ.எஸ். 710, 18 மி.மீ., வெளியே ஒரு மி.மீ. லேமினேட், நீளம் அகலம் உயரம் இவ்வளவு" என்று இருக்க வேண்டும். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்: ஐ.எஸ். 303 சாதாரண கமர்ஷியல் பிளை, 710 தண்ணீர் தாங்கும் ரகம், விலையும் அதற்கேற்ப வேறு. உங்கள் பக்கமும் அப்படியே: தாள் எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), புக்குக்கு எத்தனை தாள், எத்தனை நகல். தாளை நீங்கள் ஆண்டர்சன் தெருவில் பணம் கொடுத்துத்தானே வாங்குகிறீர்கள்? அந்தத் தாள் காசை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

பெரம்பூரில் டைலரிங் கடை. மளிகைக் கடை அக்காவுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்து, மாதம் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறேன். வங்கிக்கே வராத பணத்துக்கு வருமான வரிக் கணக்கா?

ஆமாம், காட்ட வேண்டும். தொழிலில் பொருளாக வந்த வரவும் வரவுதான். ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு சதவீதத்தையே வருமானமாகக் காட்டும் முறை) கணக்குக் காட்டுகிறீர்கள் என்றால், வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதமும் மற்றதற்கு 8 சதவீதமும் குறைந்தபட்ச வருமானம். மளிகை இரண்டாவது வகை. வருடத்துக்கு 36,000-க்கு 2,880 ரூபாய் உங்கள் வருமானத்தில் கூடும். இதை மறைப்பதில் எந்த லாபமும் இல்லை.

அண்ணா நகரிலிருந்து இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறேன். கம்பெனிகள் பணம் தராமல் போன், மிக்ஸி அனுப்புகின்றன. இதற்கும் வரியா?

பொருளை நீங்களே வைத்துக்கொண்டால் ஆமாம். 2022 ஜூலை 1 முதல், ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தொழில் தொடர்பாகக் கொடுத்த பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே அந்த நிறுவனம் பொருளைத் தர வேண்டும். படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது உங்கள் வருமானமாகாது. அப்போது கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ரிச்சி தெரு கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, பதிலுக்கு அங்கேயே லேப்டாப் வாங்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

டொமைன், ஹோஸ்டிங் கட்டணத்தைக் கடைக்காரரே தன் கார்டில் கட்டட்டும், டொமைனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். தளத்தை முதலில் உங்கள் சர்வரில் சோதனை முகவரியில் காட்டுங்கள். லேப்டாப் கைக்கு வந்த அன்று அவருடைய ஹோஸ்டிங்கில் ஏற்றி, பாஸ்வேர்டை ஒப்படையுங்கள். வேலை முடிந்த பிறகு வரும் திருத்தங்களில் எத்தனை இலவசம், அதற்கு மேல் ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப் பழசான பிறகும் போன் வரும். லேப்டாப் பில்லில் உங்கள் பெயரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். டப்பாவில் உள்ள எண், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் அது டிஸ்பிளேயில் இருந்ததாகவோ வேறொருவர் பெயரில் பில் ஆனதாகவோ இருக்கலாம். ஒன்று விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பீஸ் கேளுங்கள்.