பிடிபட்ட கொடுங்கோலனுக்கு இரங்கலாமா?

கேள்வி: சதாம் ஹூசைன் பிடிபட்டபோது அவர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு இரக்கப்பட்டதாக வத்திக்கான் கர்தினால் ஒருவர் பகிரங்கமாகச் சொன்னாராமே. எத்தனையோ ஆயிரம் பேரைக் கொன்றவருக்காக ஒரு மதத் தலைவர் வாய் திறக்கலாமா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: திறக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். 2003 டிசம்பர் 13 இல் ஈராக்கின் திக்ரித் நகருக்கு அருகே நிலத்தடிக் குழியொன்றில், அந்நாட்டை ஆண்ட சதாம் அமெரிக்கப் படையிடம் பிடிபட்டார். மறுநாள் அமெரிக்கத் தரப்பு வெளியிட்ட ஒளிப்பதிவில், கையுறை அணிந்த ஒருவர் அவருடைய கலைந்த தலைமயிரைக் கிளறிப் பார்ப்பதையும், வாயைத் திறக்கச் செய்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பதையும் உலகமே கண்டது. டிசம்பர் 16 இல், பாப்பரசரின் சமாதான தினச் செய்தியை வெளியிட வந்த கர்தினால் ரெனாற்றோ மார்ட்டினோ, மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல அந்த மனிதரை நடத்திவிட்டார்கள் என்றும், அந்தக் காட்சிகளைக் காட்டாமல் விட்டிருக்கலாம் என்றும் வருந்தினார். சதாமின் பாரிய குற்றங்களை அவர் மறைக்கவில்லை. அவற்றைச் சொல்லிவிட்டே இரக்கத்தையும் சொன்னார்.

படுவான்கரையில் மாடு வாங்கப் போனவர்களுக்கு அந்த ஒப்புமை உடனே விளங்கும். ஒரு கையால் கயிற்றை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கீழுதட்டை இழுத்து, ‘நாலு பல்லு’ என்று சொல்லி விலை பேசுவார்கள். அந்த வேளையில் மாட்டுக்குச் சொல்ல ஏதும் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. சதாமிடமோ உலகம் கேட்டுப் பதில் பெறவேண்டிய கேள்விகள் ஏராளமாக இருந்தன. போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பிறரின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்கவேண்டும் என்று 1949 ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13 ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

அன்று கர்தினாலின் பேச்சைப் பலர் கண்டித்தார்கள். ஆனால் 2006 டிசம்பர் 30 இல், துஜைல் ஊரில் 148 பேர் கொல்லப்பட்ட வழக்கில் சதாம் தூக்கிலிடப்பட்டபோது, கழுத்தில் கயிறு கிடக்கையிலேயே அங்கு நின்றவர்கள் அவரைப் பழித்துக் கூச்சலிட்டது கைத்தொலைபேசியில் பதிவாகி உலகெங்கும் பரவியது. ஈராக்கின் சுன்னி முஸ்லிம்களுக்கு அன்று ஹஜ்ஜுப் பெருநாள். அந்த நாளின் பெறுமதியைக் காத்தான்குடி, அக்கரைப்பற்று வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வத்திக்கான் பேச்சாளர் அச்செய்தியைத் துயரமானது என்றார்.

சதாமின் ஆட்சி ஈராக்கின் குர்து மக்களை அழித்த அன்ஃபால் நடவடிக்கை பற்றிய வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவர்கள் மீது அது தொடர்ந்து நடந்தது. சதாம் மட்டும் அதில் இல்லை. நீங்கள் யாருக்காகக் கோபப்படுகிறீர்களோ, அந்தக் குர்துத் தாய்மாருக்கு அவர் பதில் சொல்லி முடிக்கவில்லை.