வேன் நேரமும் தூக்க நேரமும்

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊர் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருப்பதால் பள்ளி வேன் காலை ஆறே முக்காலுக்கே வந்துவிடுகிறது. இரவு பன்னிரண்டரை வரை படிப்பு, நடுநடுவே கைப்பேசி. விடிந்ததும் ஒரு டீ, இரண்டு வர்க்கி, அவ்வளவுதான். "கண்ணு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று தட்டோடு பின்னாலேயே போனாலும் நின்று சாப்பிட அவளுக்கு நேரமில்லை. மாலையில் வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள். நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள், டாக்டர்.
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம் வட்டாரம்

பதில்: டானிக்கைப் பற்றிப் பிறகு பேசலாம் அம்மா, முதலில் கணக்கைப் பார்ப்போம். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் கிடைப்பது 5 மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நாள்தோறும் 3 மணி நேரம் கடன் விழுந்துகொண்டே இருக்கையில், அதை எந்த மருந்துக் கடைப் புட்டியாலும் அடைக்க முடியாது. பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதும் தூக்கத்தில்தான் என்பதால், நள்ளிரவுக்கு மேல் படிக்கும் பாடத்தில் பாதி வீண் என்றே நான் கருதுகிறேன்.

இதில் மகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பருவமடையும் வயதில், உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகவே ஊறத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு அவளுக்குக் கண் சொக்காததற்கு உடம்பின் கடிகாரம் காரணம். பதினொன்றுக்கு மேலும் சொக்காததற்குக் கைப்பேசியின் வெளிச்சமும், மாலையில் குடித்த டீயும் காரணம். டீ, காபியில் உள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் உடம்பிலேயே இருக்கும். ஆகவே பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். மாலையில் படுத்தால் அரை மணி நேரத்துக்குள் எழுப்பிவிடுங்கள். கைப்பேசி இரவில் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் அதன் பக்கத்திலேயே கிடக்கட்டும். பத்து மணிக்குப் படுத்தால்கூட ஏழரை மணி நேரம்தான் தேறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மீதியை வேன் தடத்தை மாற்றினால்தான் பெற முடியும்; அதே வேனில் வரும் மற்றப் பிள்ளைகளின் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு பள்ளியில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. இரவே கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டால், காலையில் கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு சொம்பு குடிக்க ஐந்து நிமிடம் போதும். கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம், டிபன் பாக்ஸில் அவித்த முட்டை, கையில் ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. கம்பில் இரும்புச்சத்து இருந்தாலும் தானிய இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. இரவு ஊறிப் புளிப்பதாலும், கூடவே ஒரு பெரிய நெல்லிக்காய் தின்பதாலும் அது சற்று நன்றாகச் சேரும். உணவோடு குடிக்கும் டீயோ அதைத் தடுத்துவிடும்.

சோர்வு இப்படியே தொடர்ந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று பொருள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். "வயிற்றைப் புரட்டுகிறது" என்று பல பிள்ளைகள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டபின் விழுங்கினால் புரட்டல் குறையும். தனியார் பள்ளி என்றால், சோதனை முடிவைக் காட்டி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்ட டானிக்கின் இடம் அதுதான்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஜிம்முக்குப் போகிறான். அங்கே புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்களாம். விலை பல ஆயிரம். வாங்கித் தரலாமா?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: வேண்டாம். அவன் வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் அளவில் புரதம் போதும். நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு பிடி நிலக்கடலையில் 7 கிராம், இரண்டு டம்ளர் பாலில் சுமார் 12 கிராம். மதியம் கொள்ளுப் பருப்பும் சோறும், இரவு தோசையோடு சுண்டலோ கறியோ சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஜிம்முக்குப் போவதைத் தடுக்காதீர்கள். முறையாகச் சொல்லிக் கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால், எடை தூக்குவதால் வளர்த்தி நின்றுவிடாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 17 வயது வரை சொல்வது, நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு. ஜிம்மில் வாரம் இரண்டு நாள் வியர்த்துவிட்டு மற்ற ஐந்து நாளும் ட்யூஷனுக்குப் பைக்கிலேயே போய்வந்தால் அது நிறையாது. சைக்கிளை ஓரங்கட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போன அளவிலேயே திருப்பிக் கொண்டுவருகிறாள். எவ்வளவு திட்டினாலும் குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வேறு.
- ஒரு தாய், கோவை

பதில்: திட்டுவதை நிறுத்திவிட்டு, பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வருவதில்லை, இடைவேளை பத்தே நிமிடம், வரிசையோ நீளம் என்று ஏதாவதொரு பதில் வரும். போக வழியில்லாததால் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இது நேர்வழி. காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்தால் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதற்கு முன், நீங்களே ஒருமுறை அந்தக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.