கேளுங்கள்: இட்டேரியில் நாய், கொறங்காட்டில் ஆடு

ஒன்றரை வயது லேப்ரடாரைக் காலையில் இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள குறுகிய பாதை) வழியாகக் கூட்டிப்போகிறேன். ஆட்டைக் கண்டால் விளையாடத்தான் ஓடுகிறது, கடித்ததே இல்லை. ஆனாலும் கொறங்காட்டுக்காரர் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்காரர்) சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?
- வாசகி, காங்கேயம்

அவர் கோபம் நியாயமானது. உங்கள் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியதும் உங்களுக்கே தெரியும். கழுத்துப்பட்டை கட்டிய நாய் என்பதெல்லாம் ஆட்டுக்குப் புரியாது. கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும். மிரண்ட ஆடுகள் கிளுவை வேலி மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். சினை ஆடு குட்டி வீசிவிடலாம். அதுவும் அன்றைக்கே தெரியாது.

ஆறடி வார் போதும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற சுருள் வார் வேண்டாம். 25 கிலோ நாய் வேகம் பிடித்து இழுத்தால் கைப்பிடி தெறித்துவிடும். அது தரையில் கடகடவென்று பின்னாலேயே வர, நாய் இன்னும் மிரண்டு ஓடும்.

ஆடு கண்ணில் பட்டும் எந்தத் தூரத்தில் நாய் உங்கள் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கிறதோ, அங்கிருந்து பழக்குங்கள். முதல் நாள் 200 அடியாகக்கூட இருக்கலாம். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவித்த கோழித்துண்டு ஒன்று. வாயை மூடி, காதை முன்னால் நீட்டித் தீனியை மறுத்தால் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். எதிரே மந்தை வந்தால் இட்டேரியில் ஒதுங்க இடமிருக்காது, திரும்பி நடப்பதுதான் வழி. படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள்.

கன்றோடு நிற்கும் பசு வேறு விஷயம். தலையைத் தாழ்த்தினால் அதன் குறி நாய்தான். பாய்ந்தால் வாரை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும். தூக்கி அணைத்தால் கொம்பு உங்கள்மேல்தான்.

நாய் மேய்ச்சல் காட்டில் மலம் கழித்தால் உரம்தானே?
- வாசகர், தாராபுரம்

உரமல்ல. அதில் நாடாப்புழு முட்டை இருந்தால் புல்லோடு ஆட்டுக்குள் போய், ஒருவகை மூளையில் நீர்க்கட்டியாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு வகை ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும், மனிதருக்கும் வரும். நாய்க்கு இது வருவது பச்சை ஆட்டுத்தலை, ஈரல், குடலைத் தின்பதால். கறிக்கடைக் கழிவை வேகவைக்காமல் போடாதீர்கள். மலத்தைப் பையில் எடுத்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் உள்ள குடற்புழு மாத்திரை, கிலோவுக்கு 5 மில்லிகிராம். 25 கிலோ நாய்க்கு 125. நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்மதிப்பில் கொடுத்து மருந்து குறைந்தால் புழு மிஞ்சிவிடும்.