கேள்வி – பதில்: சிட்டையும் சில்லறையும்

பலசரக்கு விலையைப் பற்றிய கடிதங்கள் இந்த மாதம் கட்டுக்கட்டாக வந்திருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பணவீக்கம் ஏறக்குறையப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது என்று 2025ஆம் ஆண்டின் கடைசியில் செய்தித்தாளில் படித்தேன். எங்கள் வீட்டு மாதப் பலசரக்குச் சிட்டையில் ஒரு நூறு ரூபாய்கூடக் குறையவில்லை. பொய் சொல்வது அரசா, கடைக்காரரா?
— ஒரு வாசகி, செல்லூர்

இருவருமே பொய் சொல்லவில்லை, அம்மா. பணவீக்கம் என்பது விலை அல்ல. சென்ற ஆண்டு இதே மாதத்தில் இருந்த விலையைவிட இந்த ஆண்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்னும் வீதம் மட்டுமே. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறுவது மெதுவானது என்றுதான் பொருளே தவிர, ஏறிய விலை கீழே இறங்கியது என்று பொருள் இல்லை.

நீங்கள் படித்த செய்தி 2025 அக்டோபர் மாதக் கணக்காக இருக்க வேண்டும். அந்த மாதம் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வெளியானது. 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கணக்கு வரிசையில் அதற்குக் குறைவாக ஒருபோதும் வந்ததில்லை. காய்கறி விலை மட்டும் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 27.5 சதவீதம் குறைந்திருந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டான 2024 அக்டோபரில் அதே காய்கறி 42 சதவீதம் ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2023இல் 100 ரூபாய்க்கு நிரம்பிய காய்கறிப் பை 2024இல் 142 ரூபாய் ஆனது. 2025இல் 103 ரூபாய்க்கு வந்தது. அதாவது, தலைப்புச் செய்தியான அந்தப் பெரிய இறக்கத்துக்குப் பிறகும், பழைய இடத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறோம். காய்கறிக்காவது இந்த இறக்கம் கிடைத்தது. சமையல் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை அதே 2025 அக்டோபரில் 11 சதவீதம் ஏறியிருந்தது. உங்கள் சிட்டையில் எண்ணெயும் பருப்பும் புளியும் வத்தலும் இருக்கும், கத்தரிக்காய் இருக்காது. ஆகவே காய்கறியில் கிடைத்த இறக்கம் அந்தச் சிட்டையில் தெரிவதற்கு வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அரசு போடும் கணக்கு நாட்டின் சராசரிக் குடும்பத்துக்கான கணக்கு. 2023–24ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரத்தில் ஒருவரின் மாதச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதமும் கிராமத்தில் 47 சதவீதமும் உணவுக்குப் போகின்றன. வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு கூடிக்கொண்டே போகும். வாங்கும் சம்பளத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே செலவழிக்கிற வீட்டில், அரிசியும் எண்ணெயும் ஏறும்போது கைப்பேசி விலை இறங்கியதால் என்ன ஆறுதல் கிடைத்துவிடப் போகிறது? நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிற வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் தவறாமல் வாங்கும் பத்துப் பொருள்களைத் தேர்ந்துகொண்டு, மாதத்தின் முதல் வாரத்தில் அவற்றின் கிலோ விலையை மட்டும் நோட்டில் எழுதி வாருங்கள். மொத்தத் தொகையை எழுத வேண்டாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அரிசிச் சிப்பம் 25 கிலோவாக இருந்தது திடீரென்று 26 கிலோவானது ஏன்? அந்த ஒரு கிலோ இலவசமா?
— ஒரு வாசகர், திருமங்கலம்

இலவசம் அல்ல, வரியிலிருந்து தப்பும் வழி. அதுவும் சட்டத்துக்கு உட்பட்ட வழி. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து விவரம் அச்சிட்டு விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. பொட்டலம் 25 கிலோவுக்கு மேல் போனால் அந்த வரி இல்லை. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ சிப்பம் வரியோடு 1,575 ரூபாய். 26 கிலோ சிப்பமோ வரியில்லாமல் 1,560 ரூபாய். ஒரு கிலோ கூடுதலாகக் கிடைத்தும் 15 ரூபாய் குறைவு என்றால் ஆலைக்காரர்கள் எதைத் தைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் மூடையைப் பிரித்து உங்கள் கண் முன்னே நிறுத்துக் கொடுக்கிற சில்லறை அரிசிக்கும் இந்த வரி கிடையாது. எனவே பைக்குள் இருக்கும் ஐந்து கிலோவையும் தராசில் நிற்கும் ஐந்து கிலோவையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

எண்ணெய் பாக்கெட்டின் விலை ஏறவில்லை என்று மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன், பாக்கெட்டே சிறுத்துவிட்டது. செக்கு எண்ணெய்க்கு மாறிவிடலாமா?
— ஓர் ஆசிரியை, உசிலம்பட்டி

நீங்கள் கவனித்தது சரி. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். முன்பு எண்ணெய் போன்ற பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் பொதிய வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதி விலக்கப்பட்ட பிறகு, பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே இருக்கும் உறையில் 850 கிராமும் அதற்குக் குறைவும் அடைக்கப்படுகின்றன. 910 கிராமுக்கு 150 ரூபாய் கொடுத்த நீங்கள் 850 கிராமுக்கும் அதே 150 ரூபாய் கொடுத்தால், விலை 7 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த விதிக்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டர் என்ன விலை என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. எழுத்து எறும்பு அளவுக்குத்தான் இருக்கும். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். அச்சிட்ட எடைக்கும் உள்ளே இருக்கும் எடைக்கும் வேறுபாடு இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

எண்ணெய் ஏன் ஏறுகிறது என்பதற்கான காரணம் உசிலம்பட்டியில் இல்லை. நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரங்களுக்கு மேல் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவைத்தபோது இங்கே வடைச் சட்டி வரைக்கும் அதன் சூடு தெரிந்தது. பிறகு, உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளைக் காப்பதற்காக, 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அதுவரை இல்லாதிருந்த அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதமாக்கியது. விலை ஏறிவிட்டதைப் பார்த்து 2025 மே மாதக் கடைசியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. கடலை விளைவிக்கிறவருக்கு நல்ல விலை, வாங்குகிறவருக்கு மலிவு விலை என்ற இரண்டையும் ஒரே வரியால் செய்ய முடியாது என்பதால் அது இப்படி மேலும் கீழுமாகத்தான் போகும்.

செக்கு எண்ணெய்க்கு வருவோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுப்பதற்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அந்த இரண்டரைக் கிலோவின் விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள். அதனுடன் ஆட்டுக்கூலியைக் கூட்டி, பிண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்கள். வருகிற தொகையைவிட மிகவும் குறைவான விலைக்கு யாராவது ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ என்று விற்றால், அது என்ன எண்ணெய் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சுவைக்காகவும் மணத்துக்காகவும் வாங்குங்கள். நான் இட்லிப் பொடிக்குச் செக்கு நல்லெண்ணெய்தான் ஊற்றுகிறேன். ஆனால் சிக்கனத்துக்காக என்றால் கணக்கு ஒத்துவராது.

உழவர் சந்தையில் உண்மையிலேயே விலை குறைவுதானா? ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டு வாசலிலேயே வாங்கிவிடலாம் போலிருக்கிறதே!
— ஒரு வாசகர், ஆனையூர்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று, நம் மதுரை அண்ணா நகரில்தான் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறந்துவைக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி, கடை வாடகை இல்லாமல், தரகு இல்லாமல், தன் விளைச்சலைத் தானே விற்பது என்பதுதான் ஏற்பாடு. அன்றன்றைய விலையை அதிகாரிகள் மொத்தச் சந்தை விலைக்கு மேலும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். ஆகவே, ஏற்பாட்டின் அமைப்பே விலை குறைவாக இருப்பதற்காகத்தான்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ தக்காளிக்காகவும் ஒரு கட்டுக் கீரைக்காகவும் போனால் ஆட்டோக் காசு மிச்சத்தை விழுங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை, எட்டுப் பத்துக் கிலோ வாங்குவதாக இருந்தால், அதுவும் பேருந்தில் அல்லது சொந்த வண்டியில் போவதாக இருந்தால் கட்டுபடியாகும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரருடன் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போய், மிஞ்சிய சரக்கைப் பார்த்துவிட்டுச் சந்தையையே குறை சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

தட்டுப்பாடு வரும்போது மட்டும் உழவர் சந்தையாலும் தாங்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. ஒட்டன்சத்திரம் பக்கத்து வரத்து குறையும்போது மாட்டுத்தாவணி மார்க்கெட் ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் நம்பித்தான் இருக்கிறது. அங்கேயும் மழையோ நோயோ தாக்கிவிட்டால் லாரியே வராது. முருங்கைக்காய் வேறு கதை. அது குளிர்காலத்தில் காய்ப்பதே குறைவு. கார்த்திகை, மார்கழியில் அதன் விலையைக் கேட்டுத் திகைப்பதைவிட, அந்த இரண்டு மாதங்களுக்குச் சாம்பாரில் பூசணிக்காயைப் போட்டுவிடலாம்.

மல்லிகைப்பூவைப் பலசரக்குக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
— புதுமணத் தம்பதி, மேலூர்

குளிரில் மொட்டு வரத்து குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற பொருளை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. மதுரையில் இருந்துகொண்டு வேறு தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பஞ்சாலையில் 31 ஆண்டுகள் உழைத்தேன். ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம். அரசு ஊழியர்களுக்கு விலைவாசி ஏறும்போதெல்லாம் அகவிலைப்படி ஏறுகிறதே, எங்களுக்கு ஏன் இல்லை?
— ஓய்வு பெற்ற தொழிலாளர், மதுரை

ஐயா, இந்தக் கட்டிலேயே என்னை அதிகம் வருத்திய கடிதம் உங்களுடையதுதான். அகவிலைப்படி, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பெயரைக் கவனித்தீர்களா? அது ஆலைத் தொழிலாளர் போன்றோரின் குடும்பச் செலவை வைத்து உருவான எண். 2016ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட இன்றைய வரிசைக்காக நாடெங்கும் 88 மையங்களில் விலை திரட்டப்படுகிறது. அவற்றுள் மதுரையும் ஒன்று. நீங்கள் பருப்பு வாங்கும் கடையில் கேட்டுக் குறித்த விலை, தில்லியில் இருக்கும் மத்திய அரசு அதிகாரியின் படியை ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்த்த உதவுகிறது. உங்கள் ஓய்வூதியத்தைத் தொடுவதில்லை. காரணம், 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் தொகை, கடைசிக் காலச் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் கொண்டு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. அதன் பிறகு விலைவாசியோடு அதைப் பிணைக்கும் கயிறு எதுவும் இல்லை. அந்தத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகையாக 1,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது 2014 செப்டம்பரில். ஆண்டுக்கு 5 சதவீதம்தான் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அன்று 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குப் பதினோரு ஆண்டுகளில் 1,710 ரூபாய் தேவைப்படும். விலை ஏறுவதைவிட, வருமானம் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் உங்களைப் போன்றவர்களை நசுக்குகிறது என்பது என் கருத்து.

உங்கள் அரிசி அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால், பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே மாதம் இருநூறு ரூபாய் அளவுக்கு மிஞ்சும். ‘அடுத்த வாரம் வா’ என்று நியாயவிலைக் கடையில் சொன்னால் அடுத்த வாரமும் போய் நில்லுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

நான் பலசரக்குக் கடை நடத்துகிறேன். மண்டியில் துவரம் பருப்பு விலை இறங்கிய செய்தி வந்த மறுநாளே, ‘ஏன் குறைக்கவில்லை’ என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பழைய விலைக்கு எடுத்த மூடையை நான் எப்படிப் புது விலைக்கு விற்பது?
— ஒரு கடைக்காரர், வாடிப்பட்டி

உங்கள் சங்கடம் புரிகிறது. துவரம் பருப்பு கர்நாடகத்தின் கலபுரகியிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. போதாததற்கு மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பலேறுகிறது. துறைமுகத்தில் இறங்கிய விலை விருதுநகர் மொத்தச் சந்தை நிலவரத்தில் தெரிந்து, கீழமாசி வீதி மொத்தக் கடைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் அலமாரிக்கு வருவதற்கு நாளாகத்தான் செய்யும். மூடை எடுத்த தேதியையும் அடக்க விலையையும் கடைப் பலகையில் எழுதிவையுங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

ஆனால் அண்ணாச்சி, உங்கள் வாடிக்கையாளர்கள் சார்பாக நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். மண்டியில் விலை ஏறிய செய்தி வருகிற அன்று, பழைய விலைக்கு எடுத்த மூடை கடையில் பாதி இருக்கும்போதே, பலகையில் புது விலை ஏறிவிடுகிறதே, அது எப்படி? பதில் எழுதினால் அடுத்த இதழில் ஒரு சொல் விடாமல் வெளியிடுகிறோம்.