பழைய வண்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1974 மாடல் புல்லட் 350, 6 வோல்ட். சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் செய்தபின் ஹெட்லைட் மிகவும் மங்கிவிட்டது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா? (வாசகர், மணப்பாறை)

பதில்: அவசரப்படாதீர்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எர்த் கரண்ட் சேசிஸ் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பவுடர் கோட்டிங் கரண்ட் கடத்தாது. இன்னொரு பக்கம், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன்செட்டில் இருக்கும் கிரீஸும் கரண்டைத் தடுக்கும்.

6 வோல்ட்டில் 35 வாட் பல்ப் கிட்டத்தட்ட 5.8 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். 12 வோல்ட்டில் கரண்ட் பாதியாகிவிடுவதால் அதே தடை 0.6 வோல்ட்டைத்தான் விழுங்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றியதும் வெளிச்சம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும்.

ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பல்ப் ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரி எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் இன்ஜின் மவுண்டிங்கிலும் கோட்டிங்கை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்கு 2.5 சதுர மி.மீ. தனி எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால் அரைகுறையாக மாற்றாதீர்கள். பேட்டரி, இக்னிஷன் காயில், எல்லா பல்புகள், ஹாரன், ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் அத்தனையும் ஒரே நாளில் மாற வேண்டும். ஸ்டேட்டரும் (இன்ஜினோடு சேர்ந்து கரண்ட் உற்பத்தி செய்யும் சுருள்) 12 வோல்ட்டுக்கானதாக இருப்பது நல்லது. பாயிண்ட்டும் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் கரண்டைத் துண்டிக்கும் கான்டாக்ட்) கண்டன்சரும் அப்படியே இருக்கலாம். காயிலை மட்டும் 6 வோல்ட்டில் விட்டால் அது சூடேறும், பாயிண்ட் கருகும். பேட்டரியின் எந்த முனை சேசிஸில் சேர்ந்திருக்கிறது என்று கழற்றும் முன்பே பார்த்து எழுதிவையுங்கள். பழைய வண்டிகளில் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். தலைகீழாக இணைத்தால் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும். கழற்றிய பொருள்களைத் தூக்கிப் போடாமல் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எஸ்டி 250 டூ-ஸ்ட்ரோக் பைக். இரண்டு மாதம் நிறுத்தி வைத்தேன். டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டரில் பழுப்புப் பசை. என்ன செய்வது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவை மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; துரு அங்கேதான் தொடங்கும்.

பெட்ரோலை முழுவதும் வடித்து, பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள். ஒரு முழ நீளத் துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கி, வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். வினிகரைக் கொட்டிச் சோடா உப்புத் தண்ணீரால் அலசுங்கள், சங்கிலியை மறக்காமல் வெளியே எடுங்கள். உடனே வெயிலில் உலர்த்தி, உலர்ந்த கையோடு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே செம்மஞ்சள் துரு படரும். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இனி நிறுத்தி வைப்பதானால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள். டேங்கில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம்: காலி டேங்கிலும் ஆவி இருக்கும், அது வெடிக்கும்.

கேள்வி: 1969 அம்பாசடர் மார்க் 2. இசுசு 1800 இன்ஜின் போட்டு, வின்டேஜ் பதிவும் வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் சேர்ந்து நடக்காது. வின்டேஜ் பதிவுக்கான 2021 விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த எண்ணோடு தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். சாதாரண ஆர்.சி.யிலேயே வைத்திருப்பதானாலும் இன்ஜினை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். எங்கள் யோசனை: இப்போதுள்ள 1489 சி.சி. இன்ஜினையே சிலிண்டர் போரிங் பார்த்து, வால்வு சீட்டிங் சரிசெய்து ஓட்டுங்கள்.